கன்னியப்பன் சார் எழுதிய அந்த ஒரு பக்கம்

கன்னியப்பன் சார் போய்விட்டார். காலையில் ஆபீஸ் குரூப்பில்தான் பார்த்தேன்... நெஞ்சுவலி, செங்கல்பட்டு வீட்டிலேயே முடிந்துவிட்டதாம்.

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தச் செய்திக்குக் கீழே முதல் ஆளாக "தொலைநோக்குள்ள அலுவலரை இழந்தோம்" என்று எழுதியிருந்தவர், அவரை ரெக்கார்டு ரூமுக்குத் தூக்கியடித்த அதே பழைய அதிகாரி.

சார் எங்கள் செக்‌ஷன் சூப்பிரண்டெண்ட். நான் பக்கத்து சீட், டைப்பிஸ்ட். பன்னிரண்டு வருஷம்.

எங்கள் அரசு ஆபீஸில், கடற்கரையை எப்படி மேம்படுத்துவது என்று ஒரு வியூகத் திட்டம் போட வேண்டுமென்றால், அதற்கு முன்னால் 'இது ஏன் தேவை' என்று ஒரு குறிப்பு ஃபைலில் இருக்க வேண்டும். மற்றவர்கள் பழைய குறிப்பில் பேரை மாற்றி வைத்துவிடுவார்கள். சார் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுவார்.

அந்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஈசிஆர் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டிய ஒரு குப்பம். மீன் ஏலம் போடும் இடத்தில் மணலிலேயே உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று பெண்களிடம் கேட்டார்.

கூடைக்காரம்மா ஒருத்தர் சிரித்துவிட்டார். "வர்றவங்கல்லாம் இன்னா கீதுன்னு கேட்டு எழுதிக்கினு போறாங்க நைனா. இன்னா வோணும்னு நீதான் கேக்குற."

அவர்களுக்கு வேண்டியது ஒரு கக்கூஸ். விடியற்காலையில் வந்தால் மதியம் வரை அடக்கிக்கொள்ள வேண்டும்... முடியாவிட்டால் சவுக்குத் தோப்பு. அதனால் தண்ணீரே குடிக்காமல் வருகிறோம் என்றார்கள்.

சார் ஒரே பக்கம்தான் எழுதினார். இதே கரைக்குப் போட்ட இரண்டு திட்டங்கள் அலமாரியில் தூங்குகின்றன, மூன்றாவது தேவையில்லை. ஏலம் போடும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை தேவை, உடனே. கீழே கையெழுத்து.

அதிகாரி கொதித்துப் போனார். திட்டம் எழுதும் வேலை எந்தக் கம்பெனிக்கு என்று ஏற்கெனவே முடிவாகி, தொடக்க விழாவுக்குப் பந்தலும் சொல்லியாகிவிட்டதாம்! அதற்கப்புறம்தான் 'தேவையா' என்ற கேள்வியே எங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது. இதைவிட ஒரு அநியாயம் உண்டா...

'திட்டம் அவசியம் தேவை' என்று புதுக் குறிப்பை நான்தான் டைப் செய்தேன். பழைய தேதி போட்டு. ஆமாம், நானேதான். சாருடைய பக்கத்தைக் கிழித்துப் போடச் சொன்னார்கள்.

அடுத்த வாரமே அவரை ரெக்கார்டு ரூமுக்கு மாற்றினார்கள். மன்னிப்புக் கேட்கப் போனேன். "அந்தப் பேப்பர்ல உன் பேரு இல்லியேம்மா, வுடு" என்றார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

திட்டம் வந்தது. பளபளவென்று புத்தகமாக வந்தது. அட்டையில் அதே பெண்கள், கூடையோடு.

கக்கூஸ் இன்னும் வரவில்லை.

இன்று மதியம் அவர் வீட்டுத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். ரிட்டயர் ஆன பிறகும் சார் அவர்களிடம்தான் மீன் வாங்குவாராம். அந்தக் கூடைக்காரம்மாவும் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"யம்மா, கக்கூஸ் வோணும்னு எழுதுன சாரு வூடு எதும்மா?"

கூட்டிக்கொண்டு போனேன். நல்ல வெயில். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தேன்.

"வோணாம்மா. பஸ்ல திரும்பிப் போவணும்" என்றார்.

போயிட்டு வாங்க சார். உங்கள் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. இந்தப் பதிவோடு போட்டிருக்கிறேன்... ஆபீஸ் குரூப்பிலும்.