பொள்ளாச்சியில் வாங்கிய கணக்கு கைடு

கேரள எல்லைக்குள், மீனாட்சிபுரத்துக்கு அடுத்த எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் காளியாத்தாள் பதினோரு வருடம் பால் பரிசோதித்தாள். தண்ணீர் கலந்திருப்பதைக் கருவி காட்டுவதற்குள் அவள் முகம் காட்டிவிடும். ஊரில் பாதிப் பேருக்கு அவள் மேல் எரிச்சல். எனக்கு மரியாதை. நான் சங்கத்து வேன் ஓட்டும் தனபால்.

அடுத்த வருடம் ஜூன் மாதத்திலிருந்து பத்தாவது தேறியவர்தான் அந்த மேசையில் உட்காரலாம் என்று உத்தரவு வந்தது. காளியாத்தாள் ஒன்பதாவதோடு நின்றவள். முப்பத்தெட்டு வயதில், படிப்பை விட்டவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள்.

மற்ற பாடங்களைச் சமாளித்துவிட்டாள். கணக்கில் வடிவியல்தான் கழுத்தைப் பிடித்தது. தமிழ்ப் பாடப்புத்தகம் வந்து சேரவே இல்லை. ஆன்மேரி டீச்சர் நல்ல மனுஷி, ஆனால் மலையாளத்தில்தான் நடத்துவார். "மனஸிலாயோ?", புரிந்ததா என்று அவர் கேட்டால் இவள் வெட்கத்தில் தலையை ஆட்டிவிடுவாள்.

"ஏனுங்ண்ணா, பொள்ளாச்சி போறப்ப பத்தாவது கணக்கு கைடு ஒண்ணு வாங்கியாறீங்களா? தமிழ்ல இருக்கோணும்" என்று என்னிடம் கேட்டாள்.

சேலை, மாத்திரை, மாட்டுத் தீவனம் எதற்கும் நாங்கள் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிக்குத்தான் போவோம். கைடும் அப்படித்தான் என்று போனேன். கடைக்காரர், "கேரளாப் பாடம் வேறைங்க. இது தமிழ்நாட்டுப் பாடம். பரவால்லீங்களா?" என்று கேட்டார். வேனை ரோட்டை மறித்து நிறுத்தியிருந்தேன், பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. "முக்கோணம் எல்லா ஊர்லயும் முக்கோணந்தானுங்க, குடுங்க" என்றேன். பெரிய மேதாவி என்ற நினைப்பு எனக்கு.

காலைப் பாலுக்கும் சாயங்காலப் பாலுக்கும் நடுவே அவள் அந்த கைடைக் கரைத்துக் குடித்தாள். பழைய ரசீதுகளின் பின்பக்கமெல்லாம் முக்கோணங்கள். நான் கேன் ஏற்றும்போது தேற்றங்களை ஒப்பித்துக் காட்டுவாள், ஒரு சொல் பிசகாது. கடைக்காரர் சொன்னது அப்போதெல்லாம் நினைவுக்கு வரும். அவள் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்வேன்.

பரீட்சை முடிந்த அன்று நான்தான் அவளை வேனில் கூட்டி வந்தேன். பாதி வழியில் சொன்னாள்:

"வட்டத்தைச் சுத்தி மூணு பக்கமும் தொடுற மாதிரி முக்கோணம் வரையச் சொல்லியிருந்தாங்கண்ணா. அப்படி ஒண்ணு கைடுல இல்லவே இல்லீங்க. நான் படிச்சது ஒண்ணுமே வரலை. சும்மா வர மனசில்லாம, கைடுல இருந்த படத்தையே அழகா வரைஞ்சு வெச்சுட்டு வந்துட்டேன்."

மற்ற எல்லாவற்றிலும் தேறினாள். கணக்கு போயிற்று. ஜூனில் அந்த மேசைக்குக் கிருத்திகா என்ற பட்டதாரிப் பெண் வந்தாள். காளியாத்தாளைக் கேன் கழுவப் போட்டார்கள். அடுத்த வருடம் எழுதித் தேறினாலும் அந்த இடம் இனி காலியாக இல்லை.

போன வாரம் கைடை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். போட்டிருந்த காக்கி அட்டை கூடக் கசங்கவில்லை. சோப்புத் தண்ணீரில் அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

"இது தமிழ்நாட்டுப் பாடமாமுங்க. அந்தப் பக்கம் படிக்கிற புள்ளைங்க யாருக்காச்சும் குடுத்துருங்கண்ணா. உங்க மேல எனக்கு வருத்தமே இல்லீங்க. நீங்க தெரியாமத்தான வாங்கிட்டு வந்தீங்க?"

"ஆமா அம்மிணி" என்றேன்.