டெல்டாக்காரருக்கு வந்த ஒமிக்ரான்

என் அண்ணன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிறார். டிவியில் மழைச் செய்தி "டெல்டா மாவட்டங்களில்" என்று ஆரம்பித்தால் சத்தத்தைக் கூட்டி வைப்பவர். கொரோனாவின் புது வகைக்கு டெல்டா என்று பெயர் வைத்தபோது அவருக்கு வந்த ரோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"நம்ம ஊருலேருந்தா கிளம்புச்சி? எவன் சொன்னான்?"

நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுப்பவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அது ஒரு கிரேக்க எழுத்து, நம் ஆற்றுப் பகுதிக்கும் அந்த எழுத்தை வைத்துத்தான் பெயர் வந்தது என்று விளக்கித் தொலைத்தேன்.

"பாத்தியா, சொந்தம்தான்" என்றார்.

அந்தச் சொந்தம் சூட்டோடு சூடாக வந்து அவரைப் படுக்கையில் தள்ளியது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துத்தான் மீட்டார்கள். வீடு திரும்பியதும் தடுப்பூசியே வேண்டாம் என்றுவிட்டார். "டெல்டாவே வந்துட்டுப் போயிடுச்சி. இனிமே வெளியூர்க்காரன் வந்து என்னத்தக் கிழிக்கப்போறான்?"

எனக்குக் கவலை அவரைப் பற்றி அல்ல, அண்ணியைப் பற்றி. மூட்டுவாதத்துக்கு அண்ணி சாப்பிடும் மாத்திரை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கிற ரகம். இரண்டு ஊசி போட்டிருந்தும் அவர் உடம்பு அதிலிருந்து எவ்வளவு கற்றுக்கொண்டது என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. அண்ணன் எங்கிருந்தாவது தொற்றை வாங்கிவந்து கொடுத்தால் அண்ணி தாங்குவாரா?

தை பிறந்தது, ஒமிக்ரானும் வந்தது. அண்ணனோ சீர்காழியில் ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து, எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டு வந்தார். இரண்டு நாளில் தும்மல், தொண்டைக் கரகரப்பு. பனி என்றார். நான் போனில் போட்ட சத்தத்தில் டெஸ்ட் எடுத்தார். பாசிட்டிவ்.

"டெல்டா வந்தவனுக்கு இது எப்படி வரும்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்.

"டெல்டாவுக்காக உங்க உடம்புல உண்டான ஆன்டிபாடி, மூஞ்சியப் பாத்துத்தாண்ணே ஆளப் பிடிக்கும். இந்த ஒமிக்ரான் மீசைய எடுத்துட்டு வந்துட்டான், அது ஏமாந்து வாசல்லேருந்து உள்ள விட்டுடுச்சி. டி செல்லுன்னு இன்னொண்ணு உள்ள இருக்கு. அது நடையப் பாத்தே கண்டுபிடிச்சிடும். அதனாலதான் உங்களுக்குச் சளியோட போவுது."

"அப்ப சரி. அவளுக்கும் சளியோட போயிடும்."

"போவாதுண்ணே. உங்க உடம்பு ஒருதரம் அடிபட்டுக் கத்துக்கிட்டது. அண்ணி உடம்ப மாத்திரை கத்துக்க விட்டுச்சோ என்னமோ. உங்களுக்குத் தும்மலா வர்றது அவங்களுக்கு ஆக்சிஜன்ல போய் முடியலாம்."

ஆக்சிஜன் என்றால் என்னவென்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த அரைமணியில் பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு நேர் பின்னால்தான் வயல். அறுவடை முடிந்து வெறும் தாளாகக் கிடந்தது. அண்ணி வரப்பில் சாப்பாட்டுத் தூக்குவாளியை வைத்துவிட்டுத் திரும்பி வந்த பிறகு அண்ணன் வந்து எடுத்துக்கொள்வார். நான் காலையும் மாலையும் போன் செய்து காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று அண்ணியைப் பிடுங்கி எடுத்தேன். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றே சொல்லிவந்தார். கடைசியில் அண்ணனுக்கும் நெகட்டிவ் வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நாளைக்கு அண்ணன வீட்டுக்கு வரச் சொல்லிடலாம் அண்ணி."

"இன்னும் ரெண்டு நாள் அங்கயே இருக்கட்டுமே" என்றார் அண்ணி.

"ஏன், பயமா இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. வாளிய எடுக்க வர்றப்பல்லாம் அங்கேருந்தே, 'நீ சாப்பிட்டியா'ன்னு கத்திக் கேக்குறாரு. கல்யாணமாகி இன்னி வரைக்கும் கேட்டதில்ல."

தொடர்ந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அண்ணி, சளியா?"

"இல்லம்மா, அழுவுறேன்."