கரை இல்லாத வேட்டி

அப்பாவின் தாத்தா கரை வேட்டி கட்டியதே இல்லை. ஜில்லா போர்டுத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளையும் எதிர்த்துச் சுயேச்சையாக நின்று ஜெயித்தவர். ஜெயித்ததும் இரண்டு தரப்பும் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டன. போகவில்லை. மானகிரிப் பக்கம் கிணறு வெட்டவைத்தார், சிங்கம்புணரிக்குச் சாலை கேட்டு ஒவ்வொரு கூட்டத்திலும் கத்தினார். அடுத்த தேர்தலில் இரண்டு தரப்பும் கைகோத்துத் தோற்கடித்தன. அப்போதும் போகவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு வேட்டி எடுத்தால்கூடக் கரையை உற்றுப் பார்த்துத்தான் வாங்குவோம். தப்பித்தவறி எந்தக் கட்சிக் கரையும் வந்துவிடக் கூடாது.

போன மாதம் செக்காலை ரோட்டில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்கு, எங்கள் பள்ளி ஆண்டுவிழா பேனருக்காகப் போனேன். கம்ப்யூட்டரில் அந்தத் தாத்தா நிற்கிறார்! நாற்காலியில் கைவைத்தபடி நிற்கும், எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் அவருடைய ஒரே போட்டோ. பழைய படத்துக்குக் கலர் கொடுக்கிறார்களாம். கொடுத்த லட்சணம், வேட்டியில் பளபளவென்று ஒரு கட்சிக் கரை. தலைக்கு மேலே தலைவர்கள். காலடியில் கைகூப்பியபடி என் அண்ணன்.

"யாருங்க இந்தப் படத்தக் குடுத்தது?"

"உங்க அண்ணன்தான் டீச்சர். நீங்க அனுப்புன படம்னாரே."

ஆமாம், நான்தான் அனுப்பினேன். சாமி ரூமில் மாட்டவேண்டும் என்று கேட்டான். கண்ணாடியைத் துடைத்துப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, அவருக்கு யாருண்ணே கரை போட்டுவிட்டது? உனக்கு வெக்கமா இல்ல?"

"ஏத்தா கத்துற? செத்தவருக்குத் தெரியவா போகுது? அவரு பேரச் சொன்னாத்தான் எனக்கு வார்டு சீட்டு."

"அவரு பேரே சுயேச்சைதாண்ணே! அத எடுத்துட்டா அவருகிட்ட என்ன மிச்சம்?"

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

மறுநாள் காலை பேனர் தெருமுனையில் நின்றது. எலக்ட்ரிக் கடையில் ஏணியை இரவல் வாங்கினேன். பெயின்ட் டப்பாவோடு ஏறி, அந்தக் கரைமேல் வெள்ளையை அப்பினேன். கட்சிக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

"என்னம்மா பண்றீக?"

"எங்க தாத்தா வேட்டியத் துவைக்கிறேன். அழுக்காயிருச்சு."

அண்ணனும் வந்துவிட்டான். "பாவி, என் சீட்டு போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"அவருக்கும்தான் போச்சு," என்றேன் ஏணியிலிருந்தே. "வேட்டிய மாத்துனாரா?"

இன்னும் ஒரு சாண் கரை பாக்கி இருந்தது. அதையும் அடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.