கனகம் எடுத்த ஐந்தாம் பாகம்

அந்த அசட்டுக் கண்டக்டர் படத்துக்கு மூன்றாம் பாகம் வருகிறதாம். மகள் செல்போனில் காட்டினாள். கதாநாயகனுக்குத் தொந்தி போட்டுவிட்டது, விசில் மட்டும் அதே விசில். "மூணாவதா? நான் அஞ்சாவதே பாத்துட்டேனே" என்றேன். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

பார்த்தேன் என்பது பொய்தான், கேட்டேன். மூணாறு எஸ்டேட்டில் நான் கொழுந்து கிள்ளிய நாட்களில் எங்கள் கூட்டத்தில் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கொரு தேயிலைச் செடி வரிசை, நிரை என்போம். எல்லோராலும் டவுன் தியேட்டருக்குப் போக முடியுமா? ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி ஜீப்பேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால், சனிக்கிழமை வரை அவள் சொல்வதுதான் மற்றவர்களுக்குப் படம். எங்களுக்கு அந்த ஒருத்தி கனகம். என் பக்கத்து நிரை அவளுடையது. நாங்கள் இடுப்பில் கட்டும் சாக்கு மழையில் நனைந்தால் வரும் வாடை எங்கே வந்தாலும் அவள் கண்டக்டர் மாதிரி விசிலடிப்பது எனக்குக் கேட்கிறது. பின்னாளில் நிஜப் படத்தை டிவியில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வரவில்லை.

இரண்டு பாகத்தோடு படக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் விடவில்லை. "அடுத்தத நீயே எடுட்டி" என்றோம். மூன்றாம் பாகத்தில் கண்டக்டருக்குக் கல்யாணம் செய்துவைத்தாள் கனகம். நாலாம் பாகத்தில் அவன் குடித்துவிட்டு அகப்பையோடு துரத்த, பெண்டாட்டி விறகுக் கொட்டகையில் ஒளிந்துகொள்வாள். போதை தெளிந்ததும் அவன் விறகுக் கட்டின் முன்னால் உட்கார்ந்து, "தங்கமே, கோவமா?" என்று டிக்கெட் கிழித்து நீட்டுவான். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

கிராண்டிஸ் என்கிற தைல மர விறகுக்கு மருந்து மாதிரி ஒரு வாசனை உண்டு. ஒரு ஞாயிறு மத்தியானம், வாங்கிய முறத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கனகம் அவள் வீட்டு விறகுக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். தலையெல்லாம் பட்டைத் தூள். வீட்டுக்குள் அவள் புருஷன் கத்திக்கொண்டிருந்தான். "முட்டை தேடுனேன்ட்டி" என்றாள். அவள் கோழி வளர்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் என்ன கேட்டேன் தெரியுமா? "என்ன, நாலாம் பாகமா?" அவளும் சிரித்துவைத்தாள்.

அந்த வாரம் ஐந்தாம் பாகம் சொன்னாள். பெண்டாட்டி காலை ஜீப்பில் மலையிறங்கி, சங்கரன்கோயிலில் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் படம். யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: முடிவு பிடிக்காவிட்டால், சொல்பவள் மாற்றியாக வேண்டும். முதலில் வாய் திறந்தவள் நான்தான். "இதெல்லாம் ஒரு சிரிப்புப் படமாட்டி? அவளத் திருப்பிக் கூட்டியா. பாவம், அவனுக்கு யாரு இருக்கா?"

கனகம் கிள்ளிய கொழுந்தைக் கூடையில் போட்டாள். பிறகு, "அவ போகக்கூடாதுங்கீயளா?" என்று கேட்டாள்.

"கூடாது" என்றோம் எல்லோரும்.

"சரி, வந்துட்டாள்னு வச்சுக்கிடுங்க."

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவள் புருஷன் ஆட்களைக் கூட்டினான். உடம்பைக் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. விழுந்தவளுக்குக் கழுத்தில் விரல் தடம் எப்படி வந்தது என்று நாங்கள் பதினோரு பேரும் கேட்கவில்லை. பயம்தான், வேறென்ன. இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

இப்போது அந்தத் தேயிலைக் காட்டில் கொழுந்து வெட்டும் கத்தரிச் சத்தம்தான். வடநாட்டுப் பிள்ளைகள் காதில் வயரை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு படம் கேட்டபடி வெட்டுகிறார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் கனகத்தின் வீட்டுக்குக் கூரைகூட இல்லை.

அன்று துட்டி கேட்கச் சாவு வீட்டுக்கு வந்த அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஒரு வார்த்தை தெரிஞ்சா வந்து கூட்டிட்டுப் போயிருப்பனே. எம்மவ உங்க ஒருத்திகிட்டகூடவா சொல்லல?"

"சொல்லலம்மா" என்றேன்.

அந்த அம்மாவும் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். 'உங்கள் மகள் சொன்னாள், நாங்கள்தான் போகாதே என்றோம்' என்று ஒப்புக்கொள்ள எனக்கு இனி ஆளில்லை.