கனிவான பரிசீலனை

அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று வீட்டில்கூட வாய் திறக்க மாட்டார். நான் வெளிநாடுகளில் இருக்கும் நம் தூதரகங்களில் வேலை பார்த்தேன். அங்கே செய்யாததைப் பக்கம் பக்கமாக எழுதுவோம்.

எண்பதுகளில் லீவில் வந்தால் குவார்ட்டர்ஸ் வாசலில் கூட்டம் நிற்கும். தூதரகம் என்றால் பாஸ்போர்ட் கொடுக்கும் இடம் என்பது எங்கள் தெருவின் அசைக்க முடியாத கருத்து. எனக்கும் அந்த மரியாதை பிடித்திருந்தது, மறுக்கவில்லை.

அப்படித்தான் பூந்தமல்லியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். அப்பாவுக்குச் சட்டை தைப்பவரின் மனைவி. அவர் வளைகுடாவில், நான் வேலை பார்த்த அதே ஊரில், ஒரு தையல் கடைக்குப் போயிருந்தார். ஒப்பந்தம் முடிந்தும் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அனுப்ப மறுத்தான்.

"இன்னா செய்வீங்களோ தெரியாதுக்கா. அவரு ஊடு வந்து சேரணும், அவ்ளோதான்" என்றாள்.

லீவு முடிந்து தூதரகத்துக்குத் திரும்பியதும் அவளுக்குக் கடிதம் எழுதினேன். 'தங்கள் கோரிக்கை கனிவான பரிசீலனையில் உள்ளது.' பிறகு 'உரிய மட்டத்தில் எடுத்துச் செல்லப்பட்டுள்ளது.' பிறகு 'உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும்.' மூன்றிலும் முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. வாக்குக் கொடுக்காமல் நம்பிக்கை கொடுப்பதில் எனக்கு இலாகாவில் நல்ல பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் பதவி உயர்வும் வந்தது.

தொண்ணூறுகளில் வேலையை விட்டுவிட்டு அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உலக அரசியல் நடத்தினேன். பிள்ளைகள் கவனமாகக் கேட்டுவிட்டு, கடைசியில் விசா எப்படி வாங்குவது என்று கேட்பார்கள். ஒருநாள் ரவிக்கை தைக்கப் பூந்தமல்லி போனேன். கடையில் அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், அவர் மெஷினில் குனிந்திருந்தார்.

நிம்மதியாக இருந்தது. "எப்போ வந்தார்?" என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"போன வருசந்தாங்க்கா. மொதலாளி மவுத்தாயிட்டான். அவன் புள்ளை எல்லாரையும் அனுப்பிட்டான்."

நான் செய்யாததை மரணம் செய்து முடித்திருந்தது.

"நடுவுல எங்க மாமா, கேஸ் போடலாம்னாருக்கா. நாந்தான் வேணான்னேன். அக்கா லெட்டர் வந்துகினே கீது, கெடுத்துக்க வேணான்னு."

மூன்று கடிதங்களும் பிளாஸ்டிக் உறையில், குரான் வைத்திருந்த அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. அவள் குரலில் குறை எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் தலையைத் தூக்கி, "என்னோட ரூம்ல இருந்தவரு வேற கடைக்கு மாறி, இப்ப அங்க மாட்டிக்கினு கீறாரும்மா. பாரிவாக்கத்து ஆளு. அவரு பொஞ்சாதிக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா தெம்பா இருக்கும்" என்றார்.

பில் புத்தகத்தைத் திருப்பிப் பேனாவை வைத்தேன். கை தானாகவே 'கனிவான' என்று எழுதியது. அடித்துவிட்டு, அந்த ஊரில் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வக்கீலின் பெயரையும் முகவரியையும் எழுதினேன். இரண்டே வரி, மனப்பாடமாகத் தெரியும். தூதரகத்தில் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்த முகவரிதான் இருந்தது. மூன்று கடிதங்களையும் அந்தக் கண்ணாடியின் மேல் வைத்துத்தான் எழுதினேன்.