பாரிஸ் ராஜாவைத் துரத்த அக்கரப்பத்தனைக்கு

அக்கரப்பத்தனைப் பக்கம் எப்படிப் போவது என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் முதன்முதலில் போனது 1959 மாசியில். சுற்றிப்பார்க்க அல்ல, என் கைக்கொழுப்பால் வந்த வினையைத் தடுக்க. அப்போது ஹட்டனில் வாத்தியார் வேலை. 1848இல் பாரிஸ் சனங்கள் தங்களுக்குப் பிடிக்காத ராஜாவை விரட்டிய கதையை அரைமணி நாடகமாக எழுதி, அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் நண்பன் வேலுவிடம் கொடுத்திருந்தேன். கோயில் திருவிழாவில் போட, ‘ராஜா நாடகம்’ என்று சொல்லி, தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். சனிக்கிழமை வேலுவின் கடிதம் வந்தது. மறுநாள் நாடகத்தைத் துரையே பார்க்க வருகிறாராம்!

துரை கோபித்தால் வேலுவின் குடும்பத்துக்குப் பத்துச்சீட்டுதான், அதாவது வேலையிலிருந்து நிறுத்தும் சீட்டு. வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். அவனும் மனைவி மாரியாயியும் இரண்டு பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும். ராஜாவை விரட்டும் கடைசிக் காட்சியை எப்படியாவது வெட்டிவிடக் கிளம்பினேன்.

ஞாயிறு காலை 9.40க்கு ரயில், தலவாக்கலைக்கு நாற்பது நிமிடம். அங்கிருந்து பஸ்ஸில் பன்னிரண்டு மைல், அறுபது சதம். எட்டாவது மைலில் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டது.

“எப்பண்ணே போகும்?” என்றேன்.

“அது ஆறுனாப் போகும்ங்க. அவசரம்னா நடங்க” என்றார் டிரைவர்.

ஏழு மைல் நடந்தேன். அதில் கடைசி மூன்று மைல் தோட்டத்து ரோடு. அந்தக் காலத்தில் வெளியாள் கேட்காமல் நுழைந்தால் பொலிசில் பிடித்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு வளைவிலும் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்பது போலவே இருந்தது. நமக்கு வீரமெல்லாம் பேனாவோடு சரி.

போய்ச் சேரும்போது மணி மூன்றரை, நாடகம் தொடங்கிவிட்டது. துரை முன்வரிசையில். மேடையில் ராஜாவைப் பார்த்ததும் எனக்கு உயிரே போயிற்று. வெள்ளைக்கார ராஜா எப்படி இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? காக்கி அரைக்காற்சட்டை, முழங்கால்வரை காலுறை, வட்டத் தொப்பி. அச்சு அசல் துரை! ஒத்திகையில் இந்த வேஷம் இல்லையாம்.

கலகக்காரர்கள் பன்னிரண்டு பேர் வேலுவின் பின்னால் வந்தார்கள். தொப்பியைக் கண்டார்களோ இல்லையோ, பழக்கதோஷம், அத்தனை பேரும் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கி ஓரமாய் ஒதுங்கிவிட்டார்கள். துரை சிரித்தார். அப்பாடா, தப்பித்தோம் என்று நான் மூச்சுவிட்டேன். அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து குரல் வந்தது.

“என்னய்யா கும்புடு போட்டுக்கிட்டு நிக்கிறீங்க! தலப்பாவக் கட்டிக்கிட்டு அவனப் புடிச்சுத் தள்ளுங்கய்யா!”

கத்தியது மாரியாயி. வேலு அவளைப் பார்த்தான். தலைப்பாகையைக் கட்டினான். ராஜாவை மேடையிலிருந்து தள்ளினான். சனம் ஓவென்று ஆர்ப்பரித்தது. துரை எழுந்து போய்விட்டார்.

“ஏம்மா கத்துன? நாளைக்கு என்ன ஆகுமோ!” என்றேன் பிறகு, அவர்கள் காம்பராவில்.

“எழுதுன நீங்களே பயந்தா எப்புடிங்க வாத்தியாரே?” என்றாள். ஆனால் அடுப்பில் ரொட்டி கருகியதை அவள் கவனிக்கவில்லை.

மாசியில் போகிறவர்கள் கம்பளி இல்லாமல் போகாதீர்கள்; விடியலில் உறைபனியால் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். பஸ்ஸை நம்பி எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். காலை ஆறு மணிக்குப் பெரட்டு, அதாவது ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. பெயர் கூப்பிடாவிட்டால் வேலை இல்லை என்று அர்த்தம். அன்றிரவு வேலு வீட்டில் தங்கி, மறுநாள் பெரட்டை நான் தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்து பார்த்தேன்.

“வேலு” என்றார் கணக்கப்பிள்ளை.

“இருக்கேங்க.”

பாதி உயிர் வந்தது. அடுத்து பெண்கள் வரிசை. மாரியாயியின் முறை வந்தபோது கணக்கப்பிள்ளை நிமிராமல் அவள் பெயரைத் தாண்டி, “லெட்சுமி” என்றார். பதில் இல்லை. லெட்சுமி கூடையோடு அங்கேயேதான் நின்றாள். “பாப்பாத்தி.” பதில் இல்லை. “செல்லாயி.” அவளும் வாய் திறக்கவில்லை. கணக்கப்பிள்ளை துரையைப் பார்த்தார். துரை, அன்றே பறிக்காவிட்டால் வீணாகிவிடும் கொழுந்து நின்ற மலையைப் பார்த்தார். கடைசியில் துரை தலையசைத்தார்.

“மாரியாயி.”

“இருக்கேன்யா.”

அதன் பிறகுதான் லெட்சுமி இருந்தாள், பாப்பாத்தி இருந்தாள், செல்லாயி இருந்தாள். நாடகம் எழுதிய நான் தேயிலைக்குள் குந்தியிருந்தேன்.