மண்டையோட்டுக்கு ஒரு சிவப்புப் பொட்டு

மகளின்ர கலியாணத்துக்கு உடுக்கிற சீலைச் சட்டையில மண்டையோடு தைச்சனெண்டு, என்ர மனுசன்ர தங்கச்சி இன்னும் என்னோட கதைக்கிறேல்லை. கதைக்காட்டிப் போகட்டும். நானொண்டும் குறைஞ்சு போகேல்லை.

மனுசன் செத்துப்போய் இரண்டு வருசம். அண்டையிலயிருந்து இந்தச் சனம்தான் எனக்கு நிறம் பாத்துத் தருகுது. சிவப்புப் பொட்டு கூடாது, தலையில பூ கூடாது, நல்ல காரியத்தில பின்வரிசையில இருக்கோணும். மார்க்கம் ரோட்டில கொட்டுற பனிக்குள்ள பஸ் ஓட்டுறன் நான். அங்க முன்னுக்கு இருக்காதை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

டோர்செட் பார்க்கில எங்கட அப்பார்ட்மென்ற்றில எனக்கு எதிர்க் கதவு ஒரு மெக்சிக்கோக்காரி. நவம்பர் கிட்டுதெண்டால் அவளின்ர வீடு முழுக்க நூல்தான். செத்துப்போன ஆக்கள் வருசத்துக்கு ஒருக்கா வீட்டை வருவினமாம். அந்த நாளுக்கு விரிக்கிற மேசைத் துணியில மண்டையோடும் செவ்வந்திப் பூவும் தைப்பாள். அழுது வடிஞ்ச மண்டையோடு இல்லை. கண்குழி ரெண்டிலயும் பூ, கன்னத்தில நீலச் சுருள், வாய் நிறையச் சிரிப்பு. லீவு நாளில போய்ப் பக்கத்தில இருந்து நானும் தைக்கத் தொடங்கினன். கறுப்புத் துணியில ஒறேஞ்ச் நூலால ஒரு பூவை நிரப்பி முடிச்சிட்டு விரலால தடவிப் பாத்தன். நிறத்துக்கு எவ்வளவு பசியோட இருந்திருக்கிறன் எண்டு அப்பதான் விளங்கினது.

ஒரு பின்னேரம் தலை நிறையப் பூ வைச்ச பொம்பிளை மண்டையோடு ஒண்டு தைச்சுக்கொண்டு இருந்தன். கை தன்ரபாட்டில அதின்ர நெத்தியில சிவப்புப் பொட்டு வைச்சுப்போட்டுது. எங்கட டிசைனில இது இல்லையே எண்டாள் அவள். எங்கட வழக்கத்தைச் சொன்னன். புருசன் இருக்கேக்க பொம்பிளை செத்தால் கூறைச்சீலை உடுத்தி, பூவும் சிவப்புப் பொட்டும் வைச்சுத்தான் பெட்டியில கிடத்துவினம். புருசன் முந்திப் போனால் அவளுக்கு அது ஒண்டும் இல்லை.

"அப்ப பூ செத்தவளுக்கு மட்டுமோ? உயிரோட இருக்கிறவளுக்கு இல்லையோ?"

பகிடியாத்தான் கேட்டவள். எனக்கு அது பகிடியாப் படேல்லை. கலியாணத்துக்கெண்டு வாங்கி வைச்ச சாம்பல் நிறத் துணியைக் கடையில திருப்பிக் குடுத்திட்டு மயில்பச்சை வாங்கினன். சட்டையின்ர கை ரெண்டிலயும் செவ்வந்தி தைச்சன். முதுகில அந்தப் பொம்பிளை மண்டையோடு, பொட்டோட.

மச்சாள், அவரின்ர தங்கச்சி, வந்து பாத்திட்டு நிண்ட நிலையில குதிச்சா.

"உங்களுக்கென்ன விசரே? நல்ல காரியத்துக்குப் பிணத்தைக் கொண்டு வாறியளே? தாரை வாக்க உங்கட தம்பியும் பெண்சாதியும் நிக்கட்டும். நீங்கள் பின்னுக்கு இருங்கோ."

"பிணமெண்டால் பூ வைக்க உங்களுக்குச் சம்மதம்தானே," எண்டன். "வைச்சிருக்கிறன்."

கலியாணத்தண்டு காலமை என்ர நெத்தியிலயும் சிவப்புப் பொட்டு வைச்சன். கலியாண ஹோலில நான் நடக்க, பின்னால சனம் குசுகுசுக்கிறது கேட்டுது. வடிவாப் பாக்கட்டுமெண்டு முந்தானையை இழுத்து ஒரு பக்கம் விட்டன்.

மகளை மாப்பிளையின்ர கையில பிடிச்சுக் குடுத்துத் தண்ணி வாக்கிற நேரம் வந்தது. ஐயர் தாய் தேப்பனைக் கூப்பிட்டார். தம்பி பெண்சாதியோட எழும்பினான். மணவறையில இருந்து மகள் அவனைப் பாக்கேல்லை, என்னைத்தான் பாத்தாள். நான் எழும்ப, மச்சாள் கையைப் பிடிச்சு இழுத்தா. கையை உதறிப்போட்டு மேடையில ஏறினன். தம்பி பெண்சாதியோட திரும்பப் போய் இருந்திட்டான்.

"அம்மா, இப்பிடித் தனிய நிண்டு செய்யிற வழக்கம் இல்லை," எண்டார் ஐயர்.

"பெத்தது நான் ஐயா. குடுக்கிறதும் நான்தான்."

அவர் செம்பில தண்ணியை நிரப்பினார். பிறகு என்னட்டை நீட்டினார். மகளின்ர கையை எடுத்து மாப்பிளையின்ர கையில வைச்சு, தண்ணியை நான்தான் வாத்தன்.